செவ்வாய்க்கிழமை மருந்து

மார்ச் மாதம் நான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். கண்டியில் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் பொதுச் சமையலறையில் அந்த நேரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பெரிய போத்தலில் ஊற்றி மூடினேன். பிறகு பரமேஸுக்கு இஞ்சி போட்ட தேத்தண்ணி அரைக் கோப்பையும் இரண்டு கிரேக்கர் பிஸ்கட்டும் எடுத்துப்போனேன். அவள் எழுந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பில் வந்த முடியை விரலில் சுற்றி, "இன்னைக்குக் கொஞ்சம்தான்" என்று காட்டினாள். கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், துவாய், வாந்தி வந்தால் பிடிக்கப் பொலித்தீன் பைகள், எல்லாவற்றையும் பைக்குள் வரிசையாக வைத்து, ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்தேன்.

"காணாமப் போயிருச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல, இருக்கு."

"ராத்திரியும் இருந்துச்சே."

பரமேஸ்வரி என் மனைவி. வயது நாற்பத்தெட்டு. ஹட்டனுக்கும் நல்லதண்ணிக்கும் இடையில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். நான் அதே தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில், இலை வாட்டும் மாடியில் வேலை செய்கிறேன். படுக்கப் போகுமுன் அன்றன்று நடந்ததைப் பத்து வரியில் எழுதிவைப்பது என் பழக்கம். அவற்றைப் பார்த்துத்தான் இப்போது ஆறுதலாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எங்கள் தோட்டங்களில் இதே வைத்தியத்துக்குப் போகவிருக்கும் யாருக்காவது உதவினால் நல்லது.

போன வருடம் தீபாவளி முடிந்த சமயம் அவளுக்கு இரத்தம் படத் தொடங்கியது. மாதவிலக்கு நின்று இரண்டு வருடமாகியிருந்தது. முதலில் என்னிடம் சொல்லவில்லை. தோட்டத்து மருத்துவிச்சி மிஸ்ஸி பிள்ளைகளுக்கு ஊசி போட எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்த அன்று, அவரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டிருக்கிறாள். மிஸ்ஸி நேரே என்னிடம் வந்து, "நாளைக்கே கூட்டிட்டுப் போங்க, கொழுந்து எங்கயும் ஓடிராது" என்றார். ஆஸ்பத்திரியில் உள்ளே கருவிவிட்டுப் பார்த்தார்கள். ஒரு சிறு சதைத்துண்டு எடுத்துக் கண்டிக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நாங்கள் இருவரும் அதைப்பற்றிப் பேசவே இல்லை. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மகள் துர்க்கா ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, "ரிப்போர்ட் வந்துச்சாப்பா?" என்று கேட்பாள். "மழை பேயுது" என்று நான் பதில் சொல்வேன்.

கருப்பை வாயில் புற்றுநோய். வெட்டி எடுக்கும் கட்டத்தைத் தாண்டி, பக்கத்துச் சதைக்குக் கொஞ்சம் பரவியிருந்தது. ஆனால் தூரத்துக்குப் போகவில்லை. அதனால் கதிர் வைத்தியம். அதோடு சேர்த்து வாரம் ஒரு முறை சேலைனில் ஏற்றும் ஒரு மருந்து.

எங்கள் ஊரில் கதிர் வைத்தியத்தைக் 'கரண்ட் பிடிக்கிறது' என்பார்கள். பெயரைக் கேட்டு, மின்சாரம் பாய்ச்சுவார்கள் என்றே பயப்படுவார்கள். பரமேஸும் முதல் நாள் வெள்ளைச் சுவர் அறைக்குள் போகுமுன் காதுத் தோட்டைக் கழற்றி என் கையில் தந்து, "சுருக்குன்னு அடிச்சா கத்துவேன், ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றாள். சில நிமிடங்களில் வெளியே வந்தவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. "ஒண்ணுமே செய்யலங்க. படுக்கச் சொன்னாங்க, மெசின் சுத்துச்சு, எழும்பச் சொன்னாங்க. எக்ஸ்ரே மாதிரிதான்."

கதிரைப் பற்றிய பயம் அன்றே போய்விட்டது. மருந்துதான் எங்களுக்குப் புரியாமல் இருந்தது. புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து என்றால் கட்டியைக் கரைப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்களைப் பார்த்த பெண் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், இளம் வயது. என் கேள்விகளுக்கு முகம் சுளிக்காதவர். ஒரு தாளில் வட்டம் போட்டு, அதற்குள் முறுக்கிய நூல்போல ஒன்றை வரைந்தார்.

"இது கட்டியின்ர ஒரு கலம், ஒரு செல், எண்டு வையுங்கோ. கதிர் போய் உள்ளுக்க இருக்கிற இந்த நூலை அறுக்கும். ஆனா கலம் சும்மா இராது. அறுந்ததை இரவிரவாப் பிடிச்சு முடிச்சுப் போடும். இந்த மருந்து போய் அந்த நூலில கொளுவிக்கொண்டு நிக்கும். முடிச்சுப் போட விடாது. அப்ப அடுத்த நாள் கதிர் படேக்க கலத்தால தாங்க ஏலாது."

"அப்போ மருந்து கட்டியக் கொல்லாதா மிஸ்?" என்று பரமேஸ் கேட்டாள்.

"நாங்கள் தாற அளவு சின்ன அளவு அம்மா. தனிய அது பெரிசா ஒண்டும் செய்யாது. கதிர் நல்லா வேலை செய்யிறதுக்குக் கட்டியைப் பதமாக்கிக் குடுக்கும், அவ்வளவுதான். ஆனா அந்த அவ்வளவு எங்களுக்கு வேணும்."

எனக்கு அது பளிச்சென்று விளங்கியது. "எங்க பெக்டரியிலயும் அப்படித்தான் மிஸ். பச்சை இலைய அப்படியே ரோலர்ல போட்டா நொறுங்கிப்போயிரும், சுருளாது. ராவெல்லாம் காத்து விட்டு வாட்டி எடுத்தாத்தான் ரோலருக்குப் பணியும்."

"ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் பரமேஸ். "தாலி கட்டுனன்னைக்கும் இந்த இலை வாட்டுற கதைதான் மிஸ் சொன்னாரு."

டொக்டர் சிரித்துவிட்டார். "கிட்டத்தட்டச் சரிதான் ஐயா. ஆனா வாடின இலை திரும்பப் பச்சையாகாது. இது கொஞ்ச நாளில எழும்பப் பாக்கும். அதுதான் கிழமைக்கு ஒருக்கா மருந்து, திங்கள் தொடக்கம் வெள்ளி வரைக்கும் கதிர். ரெண்டும் சேந்து போகோணும்." பிறகு பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "இன்னொண்டு. இந்த மருந்து கிட்னியாலதான் வெளியில போகும். தண்ணி காணாட்டி அங்கயே தங்கிக் கிட்னியைப் பழுதாக்கும். பிறகு மருந்தை நிப்பாட்ட வேண்டி வரும். தண்ணிதான் முக்கியம், விளங்குதோ?"

"ஓமோம்" என்று பரமேஸ் அவர் மாதிரியே சொன்னாள். வெளியே வந்தும் பஸ் ஏறும்வரை "ஓமோம், விளங்குது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர்ப் பொறுப்பை அன்றே நான் எடுத்துக்கொண்டேன். கதிருக்குக் காத்திருக்கும் பெண்களின் பகுதிக்குள் ஆண்கள் போகமுடியாது. காலையில் நிரப்பிய போத்தலைக் கையில் கொடுத்து அனுப்புவேன். கதிர் முடிந்து வரும்போது போத்தல் வெறுமையாக இருக்கும். காத்திருப்பு மதியம் தாண்டினால் உள்ளே இன்னொன்று அனுப்புவேன். அதுவும் வெறுமையாகத் திரும்பும். அந்த நாட்களில் என் மனதுக்குத் தெம்பு தந்தது அந்த வெற்றுப் போத்தல்தான். மற்ற எதுவும் என் கையில் இல்லை. வாந்தியை நிறுத்த என்னால் முடியாது. நாக்கில் எப்போதும் இரும்புச் சுவை என்றாள், அதற்கும் ஒன்றும் செய்யமுடியாது. விருப்பமான கருவாட்டுக் குழம்பின் வாடையே பிடிக்காமல் போனது. காதுக்குள் சில நேரம் சில்வண்டு சத்தம். இவையெல்லாம் மருந்தின் வேலை என்று ஆஸ்பத்திரித் தாதிகளான மிஸ்ஸிமார் சொன்னார்கள். வைத்தியம் இலவசம்தான். வெளியே எடுத்த ஒரு ஸ்கேனுக்குப் பெக்டரி நண்பர்கள் சேர்ந்து உதவினார்கள். துர்க்கா லீவு கிடைக்கும் ஞாயிறுகளில் வந்து அம்மாவின் கால் நகங்களை வெட்டிவிட்டுப் போவாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை இரத்தம் எடுப்பார்கள், செவ்வாய் முடிவைப் பார்த்துவிட்டு மருந்து ஏற்றுவார்கள். முதல் இரண்டு வாரமும் தடையில்லாமல் நடந்தது. மூன்றாவது வாரம் டொக்டர் துண்டைப் பார்த்தார். கிளினிக் கொப்பியைப் பார்த்தார். மறுபடி துண்டைப் பார்த்தார்.

"இந்தக் கிழமை மருந்து குடுக்க ஏலாது."

கிரியாட்டினின் என்று ஒன்று. உடம்பில் அன்றாடம் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வடித்து வெளியே தள்ளிவிடும். இரத்தத்தில் அது கூடியிருந்தால் வடிகட்டி களைத்துப்போயிருக்கிறது என்று பொருள். பரமேஸுக்குக் கூடியிருந்தது.

"தண்ணி குடிக்கிறவவோ?" என்று என்னிடம் கேட்டார்.

"போத்தல் போத்தலாக் குடிக்கிறா மிஸ். நானே ஊத்திக் குடுக்கிறேன்."

பரமேஸ் குனிந்து சேலைக் கரையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப வாந்தியால இருக்கலாம். இண்டைக்குச் சேலைன் மட்டும் ஏத்துவம். கதிர் நிக்காது, அது நடக்கும். அடுத்த திங்கள் பாத்து, இறங்கியிருந்தா மருந்து. இறங்காட்டி…" துண்டைக் கொப்பிக்குள் வைத்தார். "ஒருக்காத் தவறினாப் பரவாயில்ல. அடுத்தடுத்துத் தவறினா கதிர் தனியத்தான் போகோணும்."

கதிர் தனியாகப் போவதென்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. வாடாத இலை ரோலருக்குள் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் புதன்கிழமை, பரமேஸ் உள்ளே போனபிறகு, வெளி வராந்தா வாங்குப் பலகையில் நூர்ஜஹான் ராத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹட்டனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மனைவி அவர்; ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. தொண்டையில் கட்டி. கதிர் பட்டு வாய் வறண்டு, பேச்சு கரகரவென்று வரும். அவருக்கும் அதே மருந்து, அதே செவ்வாய்க்கிழமை. உள்ளே பரமேஸுக்கு அவர்தான் துணை. இருவரும் பேசாத கதை இல்லை.

"அவளுக்கு மருந்து நிப்பாட்டிட்டாங்க ராத்தா. தண்ணி விசயத்துல நாங்க ஒரு குறையும் வைக்கல. ஏன்னு வெளங்கல."

அவர் முக்காட்டைச் சரிசெய்தார். பிறகு, "தம்பி, நான் சொன்னேண்டு அவகிட்டச் சொல்லிடாதீங்க" என்றார்.

"என்ன ராத்தா?"

"நீங்க குடுத்தனுப்புற தண்ணியில்தான் என்ட தொண்ட நனையிது. ஒவ்வொரு நாளும். நானும் வாய் காயுதேண்டு வாங்கி வாங்கிக் குடிச்சிட்டேன். மிச்சத்த ஜன்னலோரம் நிக்கிற பூச்சட்டிக்கு ஊத்துவா. கதிருக்கு முந்தி மிஸ்ஸி பாத்துட்டு நிண்டு குடிக்கச் சொல்றாவே, அந்த ரெண்டு கிளாஸ் மட்டும்தான் குடிக்கிறா. வேற ஒரு சொட்டு இல்ல. அல்லாஹ்வுக்காக, கோவிச்சிக்காதீங்க. அந்தப் பூவெல்லாம் நல்லாப் பூத்திருக்கு" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்து, உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கதிர் முடிந்து பரமேஸ் வந்தாள். வழக்கம்போல் வெறும் போத்தலை என் கையில் தந்தாள். அதைக் கையில் பிடித்தபடியே விடுதிக்கு ஏறும் பாதையில் பாதித் தூரம் நடந்தேன்.

"ராத்தா சொல்லிட்டாங்களா?" என்று அவளே கேட்டாள்.

"என்ன சொல்றது?"

"உங்க மொகத்தப் பாத்தாத் தெரியுது. வாட்டம் பத்தலேன்னா பெக்டரியில இப்படித்தான் நிப்பீங்க."

"வெளையாடாத பரமேஸ். ஏன் குடிக்கல?"

பாதையோரக் கல்லில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "குடிச்சா ஒண்ணுக்கு வருமுங்க. இப்ப வந்தா எரியுது, உசுரு போகுது. விடுதியில கக்கூஸுக்கு முற்றம் தாண்டிப் போகணும், ஆம்பளைங்க நிப்பாங்க. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போற பஸ்ஸில மூணு மணித்தியாலம். நான் எங்க போறது?"

"ஆஸ்பத்திரியில இருக்கே."

"இருக்கு. ஆனா பழக்கமில்ல." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பதினாறு வயசுல பேர் பதிஞ்சு கொழுந்து மலைக்குப் போனேன். மலையில எங்கங்க இருக்கு கக்கூஸு? கீழ பாதை, மேல கங்காணி, சுத்திவர ஆளுங்க. இடுப்புல படங்குச் சாக்கக் கட்டி, கூடையப் போட்டப்பறம் அவுத்துக் கட்டுறதுக்குள்ள ஆளுங்க நெரை முன்னால போயிரும். ஒதுங்கினா அட்டை. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு முந்தி ஒரு தேத்தண்ணி, அப்பறம் பொழுதுசாயக் கொழுந்தத் தராசுல நிறுத்துட்டு வீட்டுக்கு வந்துதான் தண்ணி. நான் மட்டுமா? எங்க நெரையில எல்லாரும் அப்படித்தான். தொண்டையே கேக்காது, பழகிருச்சு. இப்பக் குடிக்கணும்னு போத்தலத் தூக்குனா கை வாய்க்கு வரமாட்டேங்குது."

நான் நின்றுகொண்டே இருந்தேன். எங்கள் பெக்டரி மாடியில் இரண்டு குழாய் இருக்கிறது. கக்கூஸ் பத்தடியில். இருபத்தாறு வருடமாக இவளும் நானும் ஒரே சங்குக்குக் கிளம்பி, ஒரே நேரம் வீடு திரும்புகிறவர்கள்.

"அப்பறம் ஏன் போத்தல வெறுமையாக் கொண்டாந்து குடுத்தே?"

"வெறும் போத்தலப் பாத்தா உங்க மொகத்துல ஒரு சந்தோசம் வரும்" என்றாள். "வேற எதப் பாத்தும் வரல. அதான்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கழித்து அவள் என் தோளில் இடித்து, "பூச்சட்டிக்காவது ஒதவுச்சே" என்றாள்.

அன்று மாலையே டொக்டருக்குச் சொல்வதற்காகத் திரும்பப் போனோம். அவர் திட்டவில்லை. காகிதத்தில் ஏதோ எழுதியவர் நிறுத்தி, "மலையில ஒண்டுமே இல்லையோ?" என்று கேட்டார். "இல்லை மிஸ்" என்றாள். எரிச்சல் குறைய ஒரு மருந்து எழுதினார். கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாகக் குடிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, போத்தலை நீங்கள் பாக்க வேண்டாம். அவா எத்தின தரம் போறா எண்டதைப் பாருங்கோ" என்றார்.

அதன்பிறகு என் வேலை மாறியது. விடுதி முற்றத்தில் அவள் போகும்போதெல்லாம் குடையோடு நான் போய் வாசலில் நிற்பேன். ஆண்கள் வந்தால், "அண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்பேன். முதல் நாள் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் எந்தக் கக்கூஸ் எந்த நேரம் கழுவி முடிகிறது என்று கூட்டுகிற அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தச் சிங்கள அம்மா இரண்டாம் நாளே பரமேஸைக் கண்டால், "வத்துர பிவ்வத?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். தண்ணீர் குடித்தாயா என்று. நூர்ஜஹான் ராத்தா தனக்கெனத் தனிப் போத்தல் கொண்டுவந்தார். இருவரும் உள்ளே ஒன்றாக 'சியர்ஸ்' சொல்லிக் குடிப்பதாகக் கேள்விப்பட்டேன். எரிச்சலோடு வெளியே வந்ததும் பரமேஸ் என் கையை நகம் பதியப் பிடிப்பாள். ஆனால் மறுபடி குடிப்பாள். அது எனக்குத் தெரியும். அதைவிடத் துணிச்சலான ஒன்றை அவள் செய்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும் பஸ். அதுதான் பெரிய சோதனை. "இன்னைக்கு மட்டும் குடிக்கல, ஏறி எறங்கிட்டு வீட்டுல குடிக்கிறேன்" என்று கெஞ்சினாள். நான் விடவில்லை. கம்பளையில் பஸ் நிற்கும் நேரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கேட்டுப் போய்வந்தாள். நாவலப்பிட்டி தாண்டியதும் மழை. கினிகத்தேனை ஏற்றத்தில் அவள் முகம் மாறியது. என் முழங்கையைத் தொட்டாள்.

நான் பஸ்ஸில் கொண்டக்டரோடு மீதிக் காசுக்குக்கூடப் பேசாதவன். எழுந்து முன்னால் போய், "மல்லி, பொட்டக் நவத்தன்ன புளுவன்த?" என்று கேட்டேன். தம்பி, கொஞ்சம் நிறுத்த முடியுமா என்று.

"மொகத அங்கிள்?" என்ன விசயம் என்று கொண்டக்டர் கேட்டான்.

பஸ் முழுதும் என்னைப் பார்த்தது. "எனக்குத்தான். சீனி வருத்தம். அடக்க ஏலாது" என்று சிங்களத்தில் சத்தமாகச் சொன்னேன். எனக்குச் சர்க்கரை நோயே கிடையாது. பின்னால் சில இளைஞர்கள் சிரித்தார்கள். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நிறுத்தினார். நான் இறங்கித் திரும்பிப் பார்த்து, "நிப்பாட்டினதுதானே, நீயும் வர்றியா?" என்று ஒன்றும் தெரியாதவன்போல் பரமேஸிடம் கேட்டேன். அவள் எழுந்தாள்.

அப்போதுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. முன் சீட்டில் ஒரு சிங்கள அம்மா எழுந்தார். அவருக்குப் பின்னால் பள்ளி ஆசிரியைபோல் ஒருவர். பின்னாலிருந்து தோட்டத்துப் பெண்கள் இருவர், மழைக்குத் தலையில் பையைப் பிடித்துக்கொண்டு. எல்லாரும் வரிசையாகக் கடையின் பின்பக்கம் போனார்கள். ஒரே ஒரு ஆளாக நான் மழையில் நின்றுகொண்டிருந்தேன்.

கொண்டக்டர் என்னைப் பார்த்தான். "அங்கிள்ட்ட ஓன நத்த?" உங்களுக்கு வேண்டாமா?

"போயிருச்சு" என்றேன்.

பஸ் ஏறியபின் பரமேஸ் ஹட்டன்வரை சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க. நடுவில் ஒருமுறை, "சீனிக்காரரே, தேத்தண்ணிக்குச் சீனி போடவா, வேணாமா?" என்றாள்.

திங்கட்கிழமை இரத்தம் எடுத்தார்கள். செவ்வாய் காலை டொக்டரின் அறைக்கு வெளியே நாங்கள் இருவரும் கைகோத்து உட்கார்ந்திருந்தோம். எங்கள் காலத்து ஆட்கள் வெளியில் அப்படி உட்காருவதில்லை. கூப்பிட்டார்கள். டொக்டர் துண்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"இறங்கியிருக்கு. இண்டைக்கு மருந்து ஏத்துவம்."

வாந்தியும் இரும்புச் சுவையும் தரப்போகும் ஒரு மருந்து கிடைத்ததற்காக ஒரு பெண் அப்படி மகிழ்ந்து யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். "ஓமோம்!" என்றாள். டொக்டர் அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். "ஓமோம்" என்று அவரும் சிரித்தார். அதன்பிறகு ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை. வெளிக்கதிர் முடிந்து, உள்ளே கருவி வைத்துக் கிட்டத்தில் கொடுக்கும் கதிரும் முடிந்து, சித்திரை வருடப்பிறப்பைத் தாண்டித்தான் வீடு வந்து சேர்ந்தோம். களைப்பு போகப் பல வாரம் எடுத்தது. இப்போதும் மத்தியானத்தில் படுத்துவிடுகிறாள்.

ஜூலை மாதக் கடைசியில் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். ஸ்கேனில் கட்டி தெரியவில்லை. "இப்போதைக்கு ஒண்டும் தெரியேல்ல. சுகமாயிட்டுது எண்டு நான் இண்டைக்குச் சொல்லமாட்டன். வந்து வந்து காட்டோணும்" என்றார் டொக்டர். அந்த அளவுக்கு மேல் சொல்லாமல் விட்டதற்காக அவர்மேல் எனக்கு இன்னும் மதிப்பு கூடியது. நூர்ஜஹான் ராத்தாவுக்கும் நல்ல செய்தி. அவரது கடைக்குப் போய் பரமேஸுக்கு ஒரு சேலை எடுத்தோம். காசு வாங்க மறுத்து, "தண்ணிக் கடன்" என்றார்.

சேதி லயத்துக்கு எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அன்று மாலை பரமேஸின் நெரைக்காரப் பெண்கள் கொழுந்து நிறுத்த கையோடு, படங்கைக்கூட அவிழ்க்காமல், எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கரண்ட் சுடாது என்றாள். மருந்து ஏன் கரண்டோடு சேர்ந்து போகவேண்டும் என்று சொல்லும்போது இலை வாட்டுகிற கதையையே சொன்னாள். நான் அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் தண்ணீர் விசயத்துக்கு வந்து, "வேலை நேரத்துலயும் குடிங்கடி. அடக்கி அடக்கி ஒடம்பக் கெடுத்துக்காதீங்க" என்றாள்.

"நல்லாச் சொன்ன போ" என்றாள் அடுத்த காம்பிரா வீட்டுச் செல்லம்மா. "குடிச்சிட்டு எங்க போறதாம்? கங்காணி தலைமேலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். பரமேஸும் சிரித்தாள். பிறகு உள்ளே பார்த்தாள். நான் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கண்டாக்கையா வீட்டுக்கு நடந்தேன். மலையை மேற்பார்க்கும் அவர், கக்கூஸ் குழி என்றதும் தலையைச் சொறிந்தார். "தொரைகிட்ட எழுதிக் கேட்டா மாசக்கணக்காகும்" என்றார். கடைசியில், "தேயிலைச் செடியத் தொடாமச் செய்றதுன்னா நான் ஒண்ணும் பாக்கல" என்றார். வரும் வழியில் செல்லம்மாவின் புருசனிடம் பழைய தகரம் நான்கு இருப்பது ஞாபகம் வந்தது. கேட்டேன். "கூட வாறேன்" என்றார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, பெரட்டுக்கு முன்பே, மண்வெட்டியும் அலவாங்குக் கம்பியும் எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினோம். பனி இறங்கியிருந்தது. நான் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், பரமேஸ் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மெதுவாகப் பின்னால் ஏறிவந்து, ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். சவுக்கு மரங்களுக்குக் கீழே ஒரு தட்டையான இடத்தில் கோடு போட்டு, முதல் வெட்டு வெட்டப்போனேன்.

"அங்க வேணாங்க" என்றாள். "பாதையில இருந்து தெரியுது. இன்னும் நாலடி உள்ள தள்ளி வெட்டுங்க."